கோடில்லாத நெற்றி

"நெத்தியில கோடே இல்லாத பொடிப்பய! இவனா எனக்காகப் பேசப் போறான்?"

ரூவாச் கிழவர், தெற்குச் சூடானில் பேசும் நுவேர் மொழியில் கத்தியதும், நீதிமன்றத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அரபு வியாபாரியின் காளையைத் திருடியதாக அவர்மேல் வழக்கு.

மொழிபெயர்ப்பாளன் பீயலின் முகம் சுண்டிப்போனது. நுவேர் பையன்களுக்கு, ஆண்பிள்ளையானதற்கு அடையாளமாகக் கத்தியால் கீறும் ஆறு கோடுகள் அவன் நெற்றியில் இல்லை. அந்த வயதில் அவன் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

தலைநகர் கார்ட்டூமிலிருந்து வந்திருந்த புது நீதிபதி, தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டியிருந்தார். "காளை யாருதுன்னு கேளு" என்றார் அரபியில்.

பீயல் கேட்டான்.

"என்னுதுதான்! கன்னா இருக்கும்போதே காதை அறுத்து அடையாளம் வச்சவன் நான். இந்த வியாபாரிதான் ஓட்டிட்டுப் போனான். நான் திருப்பி ஓட்டிட்டு வந்தேன்."

பீயல் பணிவாக அரபிக்கு மாற்றினான்: "'ஆமா, திருடினேன். உன்னால என்ன செய்ய முடியும்?'னு கேக்குறாருங்க ஐயா."

வியாபாரி மீசைக்குள் சிரித்தான்.

"அப்படியேவா சொன்னாரு?" என்றார் நீதிபதி.

"ஒரு சொல்லு கூடலை, குறையலைங்க."

நீதிபதி வியர்வை துடைக்கத் தலைப்பாகையைக் கழற்றினார். நெற்றியில், காதிலிருந்து காதுவரை ஆறு கோடுகள் தழும்பேறிக் கிடந்தன.

"நீ உக்காருடா, பொடிப்பயலே" என்றார் சுத்தமான நுவேரில். "ஆம்பளைங்க நாங்க பேசிக்கிறோம்."