கடல் வரும் காட்சி

அரசுத் தொலைக்காட்சியில் ஞாயிறு மதியப் படத்தைச் சுருக்கி ஒளிபரப்புக்குத் தயார் செய்யும் எடிட்டருக்கு ஒரு போன் வந்தது.

“ஏம்மா, நேத்துப் படத்துல கடல் காட்சிய வெட்டிட்டீங்களே!” என்றது ஒரு பெண்குரல்.

“அதுல வசனமே இல்லீங்க, வெறும் அலைதான். நேரம் பத்தல. முழுப் படமும் இன்டர்நெட்டுல இருக்கே, போன்ல பாருங்களேன்.”

“எங்களுக்குப் போன் வெச்சுக்க அனுமதி இல்லம்மா.”

மாமியார் கெடுபிடி போலிருக்கிறது என்று எடிட்டருக்குப் பாவமாகிவிட்டது. “அப்ப ஒரு நாள் நேர்லயே போய்க் கடலப் பாத்துட்டு வாங்களேன்.”

“வெளிய விட மாட்டாங்கம்மா. எப்பவோ தியேட்டர்ல பாத்த ஞாபகத்துல, ‘கடல் வரும், கடல் வரும்’னு எல்லாரையும் உக்கார வெச்சேன். என் மானமே போச்சு.”

“எல்லாரும்னா... எத்தனை பேரு?”

“நானூறு பேரும்மா. ஒரே டிவி.”

அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பின்னாலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

“கைதிக்கு வாரத்துக்கு ஒரு போன்தான். அதையும் டிவிக்காரங்களுக்கா போட்ட? போதும், வை!”

இணைப்பு அறுந்தது. எடிட்டர் கணினியில் படத்தைத் திறந்து, வெட்டிய அலைகளை ஒன்று விடாமல் சேர்த்து, மறு ஒளிபரப்புக்கு அனுப்பி வைத்தார். எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்த அந்தக் கடல், அன்றுதான் அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.