பதினான்காம் நாற்காலி

உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் வரிசை, பதினான்காம் நாற்காலி. மயிலாப்பூரில் அந்த சபாவுக்கு வருகிற யாரும் உட்காராத நாற்காலி.

அதன் சொந்தக்காரி பங்கஜவல்லி மாமி செத்து மூன்று வருடம் ஆகிறது. மகன் அமெரிக்காவிலிருந்து சொல்லி ஏற்பாடு. மார்கழிக் கச்சேரி முடிகிறவரை அது காலியாகவே இருக்கவேண்டும். இடைவேளையில் கேன்டீனிலிருந்து தட்டு வரும். கேசரி, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, சர்க்கரை போடாத காபி. கைப்பிடியில் வைப்பார்கள். ஆறிப்போகும். பிறகு குப்பைக்கு.

கொட்டுவது, இப்போது அதில் உட்கார்ந்திருப்பவளின் அம்மா.

கூடத்தைப் பெருக்குகிறவள். அந்த பஜ்ஜியில் ஒரு துண்டை வாயில் போட்டால் வேலை போய்விடும்.

செத்தவளுக்குத் தட்டு. உயிரோடு இருக்கிறவளுக்குத் துடைப்பம்.

அவளும் பதினோரு நாளாக இங்கேதான் இருக்கிறாள். டிக்கெட்டைப் பார்த்து இடம் காட்டும் வேலை. பி.எஸ்ஸி. புள்ளியியல். அந்தத் தெருவிலேயே முதல் பட்டம். மத்தியானத்திலிருந்து நிற்கவேண்டும். ஊழியர்கள் கூடத்துக்குள் உட்காரக் கூடாது.

இன்று ஒரு பட்டுப்புடவை அம்மாவைப் பார்த்து விரலைச் சொடுக்கியது. அம்மா ஓடினாள்.

போதும்.

தட்டு வரட்டும். அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு பஜ்ஜி. அப்புறம் எவன் எழுப்புகிறான், பார்த்துவிடலாம்.

எவனும் எழுப்பவில்லை.

செயலாளர் கடந்து போனார். நின்றார். கும்பிட்டார். போய்விட்டார்.

கேலியா?

பக்கத்து நாற்காலி மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வந்துட்டியா பங்கஜம்? முழங்கால் எப்படி இருக்கு?"

நான் பங்கஜம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பனிக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கறது."

அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"எனக்கும்தான். இன்னிக்கு மிருதங்கம் யாரோ புதுசாம். அடிக்கற அடியில தோலைக் கிழிச்சுடுவான் பாரேன்."

அவள் சிரித்தாள். சிரிக்க நினைக்கவே இல்லை.

பாட்டு தொடங்கியது.

ராகம் என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் வலது கை தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். மறுபடி தட்டு. கை புரண்டது.

இடது கையால் அதைப் பிடித்தாள்.

இடது கையும் எண்ண ஆரம்பித்தது.

நடுவில் ஓர் இடத்தில் பாடகியின் குரல் நூலளவு பிசகியது. கூடத்தில் யாரும் அசையவில்லை. அவள் நாக்கு மட்டும் "ச்சு" என்றது.

பாடகி மேடையிலிருந்து நேராக அவளைப் பார்த்தாள். தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள்.

இடைவேளை.

தட்டு வந்தது. கொண்டுவந்தவன், தினமும் அவளோடு டீ குடிக்கிறவன், முதுகை வளைத்து இரண்டு கையாலும் நீட்டினான். கேசரியைத் தின்றாள். ஒரு பஜ்ஜி. இன்னொரு பஜ்ஜி. சர்க்கரை இல்லாத காபி அவளுக்குக் குமட்டும். குமட்டவில்லை. இவ்வளவு நாளும் இதைத்தான் குடித்தது போல இறங்கியது.

தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் நினைவு வந்தது.

அம்மாவின் பங்கு.

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நிஜமான வலி. கிழ வலி.

அப்போதுதான் அம்மா வந்தாள். ஒவ்வொரு வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டே, துடைப்பத்தோடு.

"மாமி," என்றாள் அவளைப் பார்த்து. "டிக்கெட்டு பாக்குற பொண்ணு ஒண்ணு. நீலச் சுடிதாரு. இந்தாண்ட எங்கனா பாத்தீங்களா? எம் பொண்ணுதான்."

அவள் நீலச் சுடிதாரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

யம்மா, நான்தாம்மா. நெஞ்சிலிருந்து தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு.

"இங்கேதான் எங்கேயாவது இருப்பா. முதல்ல இந்தத் தூளைப் பெருக்கு."

அம்மா குனிந்தாள்.

துடைப்பம் நாற்காலிக்கு அடியில் போனது. பஜ்ஜித் தூள், டிக்கெட் கிழிசல், யாருடைய தலையிலிருந்தோ உதிர்ந்த மல்லிகை. அவள் காலருகே வந்து நின்றது.

இடது செருப்பின் வார் காலையில் பஸ் ஏறும்போது அறுந்துபோயிருந்தது. அம்மாதான் தன் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள்.

அம்மாவின் விரல் ஊக்கைத் தொட்டது.

எடுக்கவில்லை. தொட்டபடியே இருந்தது.

கண்டுபிடித்துவிட்டாள். இப்போது கத்துவாள். மயிரைப் பிடித்து இழுப்பாள். இழு, யம்மா. நாலு பேர் பார்க்க இழு. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் யார் பேசுவார்கள் என்று பயமாக இருந்தது.

அம்மா மெதுவாக நிமிர்ந்தாள்.

மகளின் முகத்தைப் பார்த்தாள். சாய்வான நாற்காலியைப் பார்த்தாள். பக்கத்து மாமி அந்தத் தோளில் உரிமையோடு வைத்திருந்த கையைப் பார்த்தாள். வாசலில் இடம் காட்டுகிறவர்கள் நிற்கும் மூலையையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

மேடையில் சுருதி கூடிக்கொண்டிருந்தது.

காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அசையாதீங்க மாமி," என்றாள், இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும் குரலில். "அப்டியே குந்திக்கினு இருங்க."