வலப்பக்கத்து ஸ்ரூல்

வேலைக்கு வந்த முதல்நாளே ஸ்ரெல்லா யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்ரூலைத் தூக்கிக்கொண்டு போய் மணப்பெண்ணின் வலப்பக்கத்தில் போட்டு இருந்துவிட்டாள்.

அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் குணலட்சுமிக்கு இன்னும் அணையவில்லை.

கொக்குவிலில் மணப்பெண் அலங்காரத்துக்குப் பேர்போனவர் அருமைநாயகி அக்கா. சேலை, கொண்டை, நகை எல்லாம் அவர் கை. நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசுவது மட்டும் இந்த இரண்டு பெட்டைகளின் வேலை. ஆளுக்கொரு கை. இரண்டு கையும் காய்ந்த பிறகுதான் அக்கா காப்புப் போடுவார்.

முதலில் வந்தவள் குணலட்சுமி. குருநகரிலிருந்து சைக்கிளில் வருகிற ஸ்ரெல்லா பிறகு சேர்ந்தவள். பிறகு வந்தவள் வலக்கையைப் பிடித்துக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? தகப்பன் பிடித்துக் கொடுப்பதும் வலக்கை, மாப்பிள்ளை பிடிப்பதும் வலக்கை. பிலிம் கிடைக்காத அந்த நாட்களிலும் அதை மட்டும் ஒரு படம் கட்டாயம் எடுப்பார்கள். இடக்கையை யார் பார்த்தது? அது சேலைத் தலைப்புக்குள் மறைந்து கிடக்கும்.

ஸ்ரெல்லா வாயைத் திறந்து ஒருநாளும் பெருமை பேசியதில்லை. அதுவும் குணலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சைக்கிள் மணிச் சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

அந்தக் கடுப்பிலேயே குணலட்சுமி வேலையைப் பழகினாள். பழைய பிரஷைத் தண்ணீரில் தோய்த்துத் தன் கால் நகத்திலும் தாயின் கைவிரலிலும் பூசிப் பூசிப் பார்த்தாள். நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு கரையிலும் ஒவ்வொன்று. தாய் பூரணம் நித்திரையாய்க் கிடந்தாலும் விடமாட்டாள். மெல்ல மெல்லக் கைநடுக்கம் போனது. தோலில் படாமல் பூச வந்தது. கொஞ்ச நாளில், ஸ்ரெல்லா முடிக்கிற நேரத்துக்கு இவளும் முடித்துவிடத் தொடங்கினாள். அதன்பிறகு ஒருநாளும் பிந்தியதில்லை. அப்படியென்றால் நான் எதில் குறைந்தவள் என்று தாயைப் போட்டுக் குடைவாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அருமைநாயகி அக்கா அந்தக் கதையைச் சொன்னார். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியதிலிருந்து சாமான் வருவதில்லை, கலியாணங்களும் குறைந்துவிட்டன. தை பிறந்தால் ஒருத்திக்குத்தான் வேலை கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மீனாம்பிகையின் கலியாணத்தில் யார் பிந்துகிறாளோ அவள் இனி வீட்டோடு இருக்கட்டும் என்றார்.

குணலட்சுமி இந்தமுறை சும்மா இருக்கவில்லை.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை வலக்கையை நான் செய்யட்டே? நான்தானே முந்தி வந்தனான்.”

ஸ்ரெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “அவவே செய்யட்டும் அக்கா” என்றாள்.

பெரிய தாராளம் காட்டுகிறாளாம். குணலட்சுமிக்கு அதிலும் எரிந்தது.

ஞாயிறு காலை மீனாம்பிகையின் வலக்கை மடிக்கு வந்தபோதுதான் குணலட்சுமி திகைத்துப் போனாள். சோறும் கறியும் குழைத்துச் சாப்பிடுகிற கை. அந்தக் கிழமை முழுக்கப் பலகாரம் சுட்ட கை. நகமெல்லாம் மஞ்சள். பெருவிரல் நகம் தேங்காய் துருவித் தேய்ந்து வெடித்திருந்தது. தேசிக்காயைப் பிழிந்து உரஞ்சி மஞ்சளைப் போக்கவே பாதி நேரம் போய்விட்டது.

பூசத் தொடங்கினால் அந்தக் கை ஒரு இடத்தில் நின்றால்தானே? வெளிநாட்டிலிருக்கும் தமையன் வரவில்லையென்று பெண் அழுதாள். கண்ணைத் துடைக்க எழும்பியது வலக்கை. மாமி ஓடிவந்து பிடித்துக்கொண்டது வலக்கை. கோப்பி கொடுத்தார்கள், அதை வாங்கவும் வலக்கைதான் நீண்டது. பூசின பெருவிரல் இழுபட்டுப் போனது. கியூட்டெக்ஸ் அழிக்கிற ரிமூவரோ போத்தலின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் பழைய நடுக்கம் திரும்பி வந்து விரலில் நின்றது.

இடக்கைக்கு ஒரு வேலையும் இல்லை. அது சொல்வழி கேட்கிற பிள்ளையாய் ஸ்ரெல்லாவின் மடியில் அசையாமல் கிடந்தது.

அவள் எப்போதோ முடித்திருப்பாள். அந்தப் பக்கம் பார்க்கவே குணலட்சுமிக்குப் பயமாக இருந்தது. தையோடு தன் வேலை போனது என்று தெரிந்துவிட்டது.

“வலக்கை எப்பவும் இப்பிடித்தானோ?” என்று குனிந்தபடியே மெல்லக் கேட்டாள்.

“ஓம். எல்லாப் பொம்பிளைக்கும் உப்பிடித்தான்.”

“அப்ப நீர் ஏன் அதை எடுத்தனீர்?”

“நான் வந்த அண்டைக்கு உம்மடை கை நடுங்கிக்கொண்டிருந்தது” என்றாள் ஸ்ரெல்லா.

பெருவிரல் மட்டும் இன்னும் பூசாமல் குணலட்சுமியின் கைக்குள் கிடந்தது.

அடுத்த அறையிலிருந்து அருமைநாயகி அக்கா குரல் கொடுத்தார். நேரம் போகிறது, யார் முடித்தது, யார் பிந்தினது என்று கேட்டார்.

வருவது வரட்டும் என்று குணலட்சுமி நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். இடக்கையில் நாலு நகம் எப்போதோ காய்ந்து பளபளத்தது. சின்னவிரல் மட்டும் வெறுமனே கிடந்தது. ஸ்ரெல்லா கியூட்டெக்ஸ் போத்தலை மூடிவைத்துக்கொண்டு இருந்தாள்.

“ஒருத்தரும் பிந்தேல்லை அக்கா” என்றாள். “ரெண்டு கையிலையும் ஒவ்வொரு விரல் பூசக் கிடக்கு.”