அடுக்களை வரைக்கும்

அடுக்களையில் போன் அடித்தது.

அவர் மடியில் கிடந்த டேப்லெட் அடிக்கவில்லை.

கை மட்டும் பழைய பழக்கத்தில் அதன்மேல் போய்விட்டது. போன கையைச் சும்மா எடுக்க மனமில்லாமல், தூசி தட்டுவதுபோல ஒரு துடை துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

வேணிதான். பாளையங்கோட்டையில் சாயங்காலக் காப்பி குடித்து முடிக்கும் நேரம், ஆஸ்லோவில் மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். இந்நேரத்துக்கு வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

முன்பு அவள் கூப்பிட்டால் ஹாலில் டேபும் அடுக்களையில் போனும் சேர்ந்து அடிக்கும். வெளிநாடு புறப்பட்ட அவசரத்தில் வேணி இரண்டுக்கும் அப்பா பெயரில் ஒரே அக்கவுண்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. அவருடைய சதுரங்க வீடியோக்களுக்கு நடுவே கத்தரிக்காய் வதங்கும். அவர் மாத்திரை போட வேண்டிய நேரம், கோயிலில் தீபாராதனையின்போது மனைவி கோமுவின் போனில் அலறும்.

போன மாதம் வந்திருந்த வேணி, ஒரு மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துவிட்டாள்.

"இனிமே ஆளுக்கு ஒண்ணு. அம்மாக்கு வர்ற கால் ஒங்க டேப்ல அடிக்காதுப்பா. நிம்மதியா இருங்க."

அவரும் தலையாட்டினார். நல்லது செய்கிற பிள்ளையிடம் என்னவென்று சொல்வது?

நிம்மதிதான். அன்றிலிருந்து அது அவர் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அப்போதெல்லாம் அவர்தான் முந்துவார். கோமு கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எடுத்துவிடுவார். எடுத்து என்ன பேசுவார் என்றால், அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை.

"வேணியா? சாப்டியா? இரு, அம்மாட்ட குடுக்கேன்."

அதற்குமேல் அவருக்கு வராது.

ஆனால் கொடுக்கப் போகிற வழி இருக்கிறதே.

டேபைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஜன்னலுக்குப் புதிதாகப் போட்ட திரை. கொடியில் காயும் வேணியின் பழைய போர்வை. புறவாசல் படியில் படுத்திருக்கும் பூனை. வாயைத் திறக்க மாட்டார், காட்டுவார். அவள்தான் பேசிக்கொண்டே வருவாள். அடுக்களை நெருங்க நெருங்க அவர் நடை மெதுவாகிவிடும்.

கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பும்போது, தூங்கிப்போன வேணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இப்படித்தான் கோமுவின் மடியில் விடுவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் பிள்ளை அவருடையது.

இப்போது வேணி நேரே அடுக்களைக்கே வந்துவிடுகிறாள்.

அந்த நடை இல்லாமல் அவருக்குச் சாயங்காலம் கழிய மாட்டேனென்கிறது. ஏங்கித்தான் போனார். வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

அவராகக் கூப்பிடலாம். யார் வேண்டாம் என்றது?

கூப்பிட்டுவிட்டு யாரிடம் கொடுப்பது?

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கோமு இத்தனை நேரம் விடமாட்டாள். இரண்டாவது மணிக்கே "சொல்லு வேணி" என்று குரல் வந்துவிடும். டேபை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

கோமு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றாள். பக்கத்திலேயே மேடையில் போன் அதிர்ந்தது. அதில் வேணியின் முகம்.

"கை பூரா மாவு," என்றாள் திரும்பாமல். "நீங்கதான் எடுத்துக் குடுங்களேன்."

அடுப்பு எரியவில்லை. மாவு டப்பா மூடி கழற்றாமல் மேல் தட்டில் இருந்தது. அவள் கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன.

அவர் போனை எடுத்தார்.

"வேணியா? சாப்டியா?"

"ஆச்சுப்பா. என்ன, இன்னைக்கு நீங்க எடுக்கிய?"

"இரு, அம்மாட்ட குடுக்கேன்."

கோமு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள்.

அவர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு புறவாசல் பக்கம் நடந்தார்.

பூனை குட்டி போட்டிருந்தது. வேணி இன்னும் பார்க்கவில்லை.