வெளுப்பா ஒரு படம்

"இது ஏமாத்து வேலை இல்லாம வேற என்னங்க?"

கொளஞ்சியம்மாள் போட்டோவைக் கண்ணாடி மேசையில் விட்டெறிந்தாள். அரும்பாவூரில் பஸ் ஏறியதிலிருந்து, பெரம்பலூர் ஸ்டுடியோ வாசல் வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை.

இந்த ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் போட்டோவில் சிறுவாச்சூர்ப் பெண் கலையரசி பால் மாதிரி வெளுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனால், வந்து நின்றது நல்ல கறுப்பு.

"எம் மவன் புடிச்சிருக்குங்கறான். நான்தான் வேணாம்னு சொல்லப் போறேன். நெறத்துல பொய் சொன்னவங்க, நாளைக்கு எதுல சொல்ல மாட்டாங்க?"

ஸ்டுடியோக்காரர் குருநாதன் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"முகத்துல விழுந்த வெளிச்சத்தை கேமரா அளவு மாறாமத்தான் வாங்கி வைக்குதுங்க. பொய்யெல்லாம் அப்புறம் நாங்க ஏத்தறது. இதுதான் அந்தப் பொண்ணோட அசல் படம்."

கொளஞ்சியம்மாள் குனிந்து பார்த்தாள். கன்னத்தில் குழி. மூக்குத்தியில் ஒரு பொட்டு மினுக்கம். சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு.

"இதெல்லாம் அந்த போட்டோவுல எங்க போச்சு?"

"அளவுக்கு மேல வெளிச்சத்தை ஏத்தினா எல்லாம் ஒரே வெள்ளையாயிடுங்க."

"என்ன லட்சணமா இருக்கு. பெத்தவங்களுக்கு அறிவு வேணாம்? புள்ள முகத்தை இப்படியா அழிக்கச் சொல்லுவாங்க?"

குருநாதன் இன்னும் இரண்டு படங்களைத் திறந்தார். அவள் மகன் வீரமுத்துவின் அசல் படம். பக்கத்திலேயே, பெண் வீட்டுக்கு அவள் கொடுத்தனுப்பிய படம்.

"நீங்கதான் இங்க நின்னு, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னீங்க. மீசை பாதி கரைஞ்சப்புறம்தான் விட்டீங்க."

கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவன் வெயில்ல அலையற புள்ள... ஏங்க, அவங்க வூட்டுல இதைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"நேத்து பொண்ணு வந்துச்சு. 'எங்க வூட்டுக்கு நேர்ல வந்தவரு படம் இருக்காண்ணே'ன்னு கேட்டு, அசல்ல ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு. 'அத்தைக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க, சொல்லிடாதீங்க'ன்னும் சொல்லிச்சு."