மரியாதைக் குறைவு

பிரபாகருக்கும் சுகந்திக்கும் இது மறுமணம். அவருக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு மகன். மகள் தன்னோடு ஒட்டவே இல்லை என்று போன முறை சுகந்தி இதே குடும்பநல ஆலோசகர் முன்தான் அழுதாள். இன்று பொங்கியவர் பிரபாகர்.

"ரெண்டு வருஷமா இவகிட்ட 'வாங்க, போங்க'ன்னு பேசின பொண்ணு மேடம்! நேத்து ஜடை பின்னும்போது, 'வலிக்குது, விடு! உனக்குப் பின்னவே தெரியல, நீ போ!'ன்னு கத்துறா. இன்னைக்கு மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்."

"ஐயோ, வேணாங்க!" சுகந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "நான் பெத்தவனும் என்னை 'நீ'ன்னுதானே சொல்றான்? நீங்க அதட்டினா, அவ மறுபடியும் 'நீங்க'ன்னு ஆரம்பிச்சிடுவா."