நாற்பது நாள் பானை

"கிண்டுனா என்ன ஆவும், அம்மா?"

எட்டு வயதில் ராகேல் கேட்ட கேள்வி அது. கற்கண்டுப் பானையை அசைக்கக்கூடாது, அசைத்தால் கட்டி வளராமல் பொடியாகிவிடும் என்று அம்மா சொன்னாள். மறுநாளே ராகேல் குச்சியை விட்டுக் கிண்டிப் பார்த்தாள். பானை பாழானபோது அண்ணன் இஸ்ரவேல், "நாந்தான் கிண்டுனேன்" என்று முன்னால் போய் நின்று அடி வாங்கினான்.

அந்த அண்ணன் கல்லுடைக்கும் வேலைக்குக் கொழும்பு போய் ஆறு வருஷம். நாற்பது நாளில் வருவதாகக் கடிதம் வந்த அன்றே அவன் மனைவி நேசபாய் பதனீரைக் காய்ச்சி, பாகைப் பானையில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, வாயைத் துணியால் கட்டி மணலில் புதைத்தாள்.

"அவிய கற்கண்டு கடிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கும். அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன வருசமாச்சு, ராகேல்."

கோழியைக்கூட அவள் அந்தப் பக்கம் விடவில்லை. பானைக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுகிறாளோ என்று ராகேல் கேலி செய்தாள்.

இடையில் அண்ணனின் கூட்டாளி பகவதியப்பன் கொழும்பிலிருந்து வந்தான். ராகேல் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"கையும் காலும் கர்த்தர் காத்திருக்காரு, மைனி."

இஸ்ரவேல் வந்து இறங்கினான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். முற்றம் நிறைய ஆட்கள். நேசபாய் பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கடியும் அண்ணாச்சி, சத்தம் கேக்கட்டும்" என்றான் அடுத்த வீட்டு இசக்கி. இஸ்ரவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

பாகை வடித்தால், நூலில் ஒரு கட்டிகூட இல்லை. அடியில் மணல் போலப் பொடி.

"எவளோ கிண்டியிருக்கா" என்று நேசபாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இஸ்ரவேல் ஒரு கை பொடியை அள்ளித் துண்டுக்குள்ளேயே வாயில் போட்டுக் கரைத்து விழுங்கினான். மறுபடியும் அள்ளினான்.

"இதுதான் நல்லாருக்கு, நேசம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராகேல் தனியே கொல்லைக்குப் போய், ஓலையில் செருகியிருந்த, பாகு காய்ந்த குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டாள். பாறைவெடியில் அண்ணன் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை என்று பகவதியப்பன் சொன்ன நாள் முதல், தினமும் அந்தப் பானையைக் கிண்டியது அவள்தான்.